நாத்தனாரின் பாஸ்வேர்டு

என் நாத்தனார் பொய் சொல்கிறாள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. வியாழக்கிழமை எங்கள் அதிகாரி டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் நின்று, "அந்த ரீடிங்கை நான் போடல டாக்டர்" என்று அவள் சொன்னபோது பார்வை தரையில் இருந்தது. உண்மை பேசுகிறவளுக்குத் தரையில் என்ன வேலை?

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரு தடுப்பூசிக் கிடங்கில். குழந்தைகளுக்குப் போடும் மருந்துக் குப்பிகள் அங்கே இரண்டு பெரிய குளிர்ப்பெட்டிகளில் இருக்கும். ஒன்றாம் பெட்டி அவள் பொறுப்பு, இரண்டாம் பெட்டி என் பொறுப்பு. இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக்கூடாது. காலை பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் நேரில் போய், கதவில் தெரியும் எண்ணைப் பார்த்து, அவரவர் கணக்கில் நுழைந்து இணையப் பதிவேட்டில் போட வேண்டும். சனி, ஞாயிறு என்றெல்லாம் விதிவிலக்கு கிடையாது. எங்கள் இரண்டு வீடும் கிடங்கிலிருந்து நடக்கிற தூரம்தான்.

போன வாரம் சனிக்கிழமை நண்பகலில் ஒன்றாம் பெட்டியின் மோட்டார் செத்தது. அலாரத்தின் பேட்டரி அதற்கு ஆறு மாதம் முன்பே செத்திருந்தது. மாலை ஆறு மணிக்கு நாத்தனார் போய்ப் பார்த்தபோது உள்ளே பதினேழு டிகிரி. ஆயிரத்து நூறு குப்பிகள் குப்பைக்குப் போயின. மோட்டார் போனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பெட்டிக்குள் பேனா அளவில் ஒரு கருவி கிடக்கும். அது தன்பாட்டுக்கு வெப்பத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். அதை எடுத்துப் பார்த்தால் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே பதினொன்று. பதிவேட்டிலோ அதே இரண்டு மணிக்கு, நாத்தனார் பெயரில், நாலு! யாராவது நேரில் போயிருந்தால் அப்போதே குப்பிகளை என் பெட்டிக்கு மாற்றியிருக்கலாம்.

பெட்டியைப் பார்க்காமல் வீட்டிலிருந்தே 'நாலு' போடுவது எங்கள் தொழிலில் புதிதல்ல. உண்மையைச் சொன்னால் நானும் ஒன்றிரண்டு சனிக்கிழமை போட்டிருக்கிறேன். இருபது வருட அனுபவத்தில் போடுவது வேறு, நேற்று வந்தவள் போடுவது வேறு. சரி, போட்டாயா, போட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே? அதுதான் இல்லை.

"நீங்க போடலைன்னா வேற யாரு? பேய் வந்து போட்டுதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரியல டாக்டர். ரெண்டு மணிக்கு நான் பஸ்ல இருந்தேன். பல்லு புடுங்கிட்டு வந்துட்டு இருந்தேன். கிடங்குக்கு நான் போகல, அது என் தப்பு. ஆனா ரீடிங் நான் போடல."

"திங்கட்கிழமை காலைல பத்து மணிக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். இல்லைன்னா இந்த மாசத்தோட உங்க ஒப்பந்தத்தை முடிச்சுக்க வேண்டியதுதான்."

அந்த வேலை போனால் அவளுக்கு இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று, எங்கள் ஹாலில் இருக்கும் சோபா. இன்னொன்று, அவள் உதறிவிட்டு வந்த புருஷன். முதல் வழி எனக்கு ஒத்துவராது. இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் அந்த சோபாவில் நாலு மாதம் படுத்திருந்தாள். நாலு மாதமும் குளியலறைக் குழாய் சரியாக மூடப்படவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்தார். என்ன கோளாறு என்று கேட்டாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லமாட்டார் என்பதால் அவருக்கு 'ரீஸ்டார்ட்' என்று பெயர். அன்றைக்கு அதிசயமாக வேறொன்று சொன்னார்.

"எந்தக் கருவியிலேர்ந்து பதிவு வந்துச்சுன்னு பாக்கணும்னா மூணு வாரம் ஆகும் மேடம், பதிவேட்டை நடத்துற கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு பண்ணுங்க. உங்க வீட்ல இருக்குற போன், லேப்டாப், டேப் எல்லாத்துலயும் பாஸ்வேர்டு பரிசோதனைன்னு ஒண்ணு இருக்கும். எது வெளியில கசிஞ்சிருக்கு, எதை ரெண்டு மூணு இடத்துல போட்டு வச்சிருக்கீங்கன்னு அதுவே காட்டும். ஓட்டிப் பாத்து, படம் எடுத்து அனுப்புங்க. ஒண்ணு, யாரோ பாஸ்வேர்டைத் திருடியிருக்கணும். இல்லைன்னா இவங்க பொய் சொல்றாங்க."

"ரெண்டாவதுதான்" என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை அந்த வேலையில் உட்கார்ந்தேன். என் வீட்டிலிருந்து எதுவும் கசியவில்லை என்று நிரூபித்துவிட்டால் நாத்தனாரின் பொய் தானாக வெளியே வரும் என்பது என் கணக்கு. கணவர் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் அவருடைய லேப்டாப்பையும் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டார்.

"அது எதுக்கு?"

"உங்க தங்கச்சிக்காகத்தான். நீங்க ஏதாவது உள்ள பூந்து அவளுக்கு ரீடிங் போட்டுக் குடுத்தீங்களான்னு பாக்கணும்ல."

"எனக்கு அந்தப் பெட்டி எந்தக் கலர்னுகூடத் தெரியாது. உனக்கு எல்லார்மேலயும் சந்தேகம். கண்ணாடில உன் மூஞ்சியைப் பாத்தாகூட இது யாருன்னு கேப்ப."

"மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் எதுக்கு?" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் என் போன். முப்பத்தொரு கணக்கு, அதில் கசிந்தது ஒன்று. எட்டு வருடத்துக்கு முன்பு, ஜாக்கெட் கைக்கு இலவசமாக அளவுப் படம் தருகிறேன் என்ற ஒரு தையல் தளத்தில் சேர்ந்திருந்தேன். அந்தத் தளத்திலிருந்து யாரோ எல்லாப் பாஸ்வேர்டையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். எனக்குச் சுருக்கென்றது. நல்லவேளை, அந்தப் பாஸ்வேர்டை நான் வேறெங்கும் போடவில்லை. படம் எடுத்து ரீஸ்டார்ட்டுக்கு அனுப்பினேன்.

அடுத்தது கணவரின் லேப்டாப். அந்த மனிதர் இருபத்திரண்டு இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தார். பட்டியலை வரி வரியாகப் படித்தேன். மின்சார அலுவலகம், நூலகம், செய்தித்தாள்... நடுவில் வழுக்கைத் தலையில் முடி முளைக்கவைக்கும் தைலக் கடை ஒன்றில் மூன்று வருடக் கணக்கு. மூன்று வருடமாகத் தடவியும் தலையில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் எனக்கும் தெரியவில்லை. கிடங்குப் பதிவேடு மட்டும் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. சிரிப்பு வந்தாலும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மிச்சம் இருந்தது சமையலறை டேப். உப்பு ஜாடிமேல் சாய்ந்து நிற்கும், திரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இதைக் கடைசிக்கு வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குப் பதிவேட்டில் கணக்குத் திறந்துகொடுத்தது நான்தான், இதே டேப்பில். என் பாஸ்வேர்டையே அவளுக்கும் வைத்தேன். "மறந்துட்டேன்னா என்கிட்ட கேளு" என்றேன். அது பேச்சுக்குச் சொன்ன காரணம். அவளுக்கு வேலை வாங்கிக்கொடுத்தது நான். அவள் ஏதாவது சொதப்பினால் என் தலைதான் உருளும். அவள் ஒழுங்காகப் பதிகிறாளா, நேரத்துக்குப் பதிகிறாளா என்று பார்க்க எனக்கு வழி வேண்டாமா? வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, சமையல் வேலைக்கு நடுவே இந்த டேப்பில் அவள் பெயரில் நுழைந்து ஒரு பார்வை பார்ப்பேன். பார்ப்பதோடு சரி, ஒரு எழுத்தைக்கூடத் தொட்டதில்லை. அவளுக்கும் இது தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. படம் அனுப்பினால் ரீஸ்டார்ட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால், அனுப்புவதற்கு முன்னால் அந்த வரியை அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

பரிசோதனையை ஓட்டினேன். 'ஒரே பாஸ்வேர்டு இரண்டு கணக்குகளில்' என்று சிவப்பில் வந்தது. தொட்டதும் விரிந்தது. மேலே நாத்தனாரின் பணியாளர் எண், கீழே என்னுடையது. எதிர்பார்த்ததுதான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசியாகப் பயன்படுத்திய நேரம் போட்டிருந்தது. என்னுடையதற்கு ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. நான் எப்போதும் போனில்தான் பதிவேன். நாத்தனாருடையதற்கு: மோட்டார் செத்த அதே சனிக்கிழமை, மதியம் 2:03. பெட்டி நின்ற பிறகு அவள் பதிய எதுவும் இல்லை, நானும் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் என் மனதில் தோன்றியதைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'அடிப்பாவி, என் வீட்டுக்கே வந்து போட்டிருக்கிறாளே!' என்றுதான் தோன்றியது. அவளிடம் எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறதா, பின்கதவு திறந்திருந்ததா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு இந்தச் சமையலறையில் யார் இருந்தது?

நான்தான் இருந்தேன்.

தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் ரப்பர் உறை, உறையெல்லாம் கருப்பு. சாயம் ஒட்டிக்கொள்ளும் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். போன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. இரண்டு மணிக்கு டேப்பில் மணி அடித்தது, 'ரீடிங் நேரம்' என்று. என் பெட்டிக்குத்தான் என்று நினைத்தேன். இந்தத் தலையோடு தெருவில் இறங்கிக் கிடங்குக்குப் போவதா? முழங்கையால் திரையைத் தட்டினேன். பெயரும் பாஸ்வேர்டும் தானாக வந்து நின்றன. உள்ளே போனேன். 'முந்தைய அளவே' என்ற பொத்தானை முழங்கையால் இன்னொரு தட்டு தட்டினேன். நாலு விழுந்தது. திரும்பக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன்.

அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயந்திரம், இதே டேப்பில் அவளை வேவு பார்த்திருந்தேன். கடைசியாக நுழைந்த பெயரைத்தான் அது ஞாபகம் வைத்திருக்கும்.

அப்படியும் நம்ப மனம் வரவில்லை. என் பெயரில் நுழைந்து என் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். சனிக்கிழமை, பத்து மணி, நாலு. ஆறு மணி, நாலு. நடுவில் இரண்டு மணிக்கு நேராக வெறும் கோடு. என் பெட்டி நன்றாக ஓடியதால் அந்தக் கோட்டை யாரும் கவனிக்கவில்லை. நானே கவனிக்கவில்லை.

பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று தோன்றவில்லை. மாட்டிக்கொண்டேன் என்றுதான் தோன்றியது. நாத்தனாரின் எண்ணுக்குப் பக்கத்தில் 'அழி' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒரு விரல் வேலை. மூன்று வாரம் கழித்துக் கம்பெனிக்காரன் பதில் அனுப்பும்போது அவள் ஒப்பந்தம் முடிந்திருக்கும், யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். விரலைப் பொத்தான் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

என்னைத் தடுத்தது மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் தடுத்தது இன்னொரு சந்தேகம். அவளுக்குத் தெரியுமோ? தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறாளோ? திங்கட்கிழமை டாக்டரம்மா முன்னால் எல்லாவற்றையும் போட்டு உடைக்கலாம் என்று காத்திருக்கிறாளோ? அவளும் நானும் பழகிய பழக்கத்துக்கு, நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று திரையை அப்படியே என் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறை அவளுக்கு. கதவு திறந்திருந்தது. திங்கட்கிழமைக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பல் பிடுங்கிய பக்கம் கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது.

"வாங்க அண்ணி, உக்காருங்க" என்று ஒரே நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

மேசையில் ஒரு காகிதம் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவள் தடுக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு எழுதிய கடிதம். 'சனிக்கிழமை மதியம் பெட்டியைப் பார்க்காமல் அளவைப் பதிந்தது நான்தான். என் கவனக்குறைவை மன்னித்து...' கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"இது என்ன? வியாழக்கிழமை நான் போடலன்னு சொன்ன, இப்ப நான்தான் போட்டேன்னு எழுதி வச்சிருக்க?"

"ஒத்துக்கிட்டா ஒருவேளை எச்சரிக்கையோட விட்டுடுவாங்கன்னு அண்ணன் சொன்னாரு."

"அப்ப போட்டது யாரு?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீங்கதான் அண்ணி" என்றாள்.

நான் பயந்தது சரிதான், இவள் எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு பஸ் ரொம்ப நேரம் நின்னுடுச்சு. ரெண்டு மணி ஆகப் போகுதேன்னு எனக்கு ஒரே பதட்டம். வாய் மரத்துப் போயி யாருக்கும் போன் பண்ணிப் பேசக்கூட முடியல. ரெண்டு மணி தாண்டி போன்ல பதிவேட்டைத் திறந்தா, டிக் விழுந்திருக்கு. நாலுன்னு இருக்கு. அப்பதான் எனக்கு உயிர் வந்துச்சு. பல் டாக்டர்கிட்ட போறேன்னு உங்ககிட்ட காலைல சொன்னேன்ல? அதை ஞாபகம் வச்சிக்கிட்டு, நான் வரலைன்னு எனக்காகப் போய்ப் பாத்துட்டுப் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். என் பாஸ்வேர்டு தெரிஞ்சது உங்களுக்கு மட்டும்தானே."

"நான் உன் கணக்குக்குள்ள வர்றது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கடைசியா எப்ப உள்ள வந்தீங்கன்னு மேல காட்டுமே. எனக்குத் தப்பு ஏதும் வந்துடக் கூடாதுன்னு பாக்கறீங்கன்னு நெனச்சிக்குவேன். எங்க வீட்ல அண்ணனைத் தவிர எனக்காகப் பாக்கறவங்க வேற யாரு இருக்காங்க?"

"இதையெல்லாம் டாக்டரம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"எப்படி அண்ணி சொல்றது? கதவுல இருக்குற எண்ணை நீங்க தப்பாப் படிச்சிருப்பீங்க, மோட்டார் அப்பதான் நின்னிருக்கும், என்னவோ நடந்துபோச்சு. எனக்கு நல்லது பண்ணப் போன இடத்துல உங்களை மாட்டி விடறதா? உங்களுக்கு இருபது வருஷ சர்வீஸ்."

அவள் அன்றைக்கு ஏன் தரையைப் பார்த்தாள் என்று இப்போது புரிந்தது. டாக்டரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்திருந்தால் என் முகத்தைத்தான் பார்த்திருப்பாள்.

அந்த நிமிடம் நான் சும்மா இருந்திருந்தால் போதும். எனக்காக அவளே ஒரு கதையைத் தயார் செய்து வைத்திருந்தாள், நான் நல்லவளாக வருகிற கதை. தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. அவமானமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் என் பாஸ்வேர்டையே அவளுக்கு வைத்தேன் என்பதிலிருந்து, வெள்ளிக்கிழமை வேவு பார்த்தது, தலைச்சாயம், முழங்கை, என் பக்கத்தில் இருக்கும் வெறும் கோடு, அழிக்கப்போன விரல் வரை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்து, போனில் இருந்த படத்தை டாக்டரம்மாவுக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் அனுப்பினேன். அடியில், 'சனிக்கிழமை பதிவு நான் போட்டது, பெட்டியைப் பார்க்காமல் போட்டது' என்று எழுதினேன். சற்று நேரத்தில் டாக்டரம்மா படித்துவிட்டதற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

அவள் எழுதிய கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தேன். "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கு நானே நேர்ல போய்ச் சொல்றேன்" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அழுதால் சமாதானம் சொல்லலாம். அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தாள். சீருடையை மடித்தாள். பிறகுதான் கேட்டாள்.

"அப்ப, அன்னைக்கு நீங்க எனக்காகப் போகவே இல்லையா அண்ணி?"

"இல்லம்மா."

"நான் பல்லு புடுங்கப் போனது?"

"ஞாபகமே இல்ல."

சரி என்பதுபோல் தலையசைத்தாள். போனை எடுத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். "பாஸ்வேர்டு மாத்தறது எங்க இருக்கு?" என்று கேட்டாள். மேலே வலது மூலையில் உன் படத்தைத் தொடு, அதில் 'பாதுகாப்பு' என்று இருக்கும் என்று சொன்னேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக மெதுவாக அடித்தாள்.

"ரெண்டாவது தடவையும் அதையேதான் போடணுமா?"

"ஆமாம்மா, அதையேதான் போடணும்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.